குஸ்னெட்சோவாவின் சொந்தக்காரர்

ரண்டர்ஸ் முதியோர் இல்லத்தில் எனக்கு முதல் நாள் வேலை. காலைக் கோப்பிக்குப் போனால் மேசையில் ஒரு கேக், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி டென்மார்க் கொடிகள். இந்த நாட்டில் கேக்கோடு கொடி நின்றால் யாருக்கோ பிறந்தநாள். யாருக்கு வாழ்த்துச் சொல்வதென்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டு நிற்க, தோள் அகன்ற, கட்டையான ஒரு பெண் பெரிய துண்டாக வெட்டி என் கையில் தந்தா.

"சாப்பிடும். என்ர மச்சாள் நேற்றுப் பதக்கம் வெண்டிட்டாள்."

நாங்கள் கதைத்தது டேனிஷ்தான். அவவுடையதில் ரஷ்யா மணக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம். ஆனால் இப்போது நினைக்கும்போது அவ என் காதில் என்னுடைய தமிழில்தான் கதைக்கிறா. அப்படியே எழுதிவிடுகிறேன்.

மச்சாள் என்றும் அவ சொல்லவில்லை. டேனிஷில் மாமாவின் மகளும் சித்தப்பாவின் மகளும் ஒரே சொல்தான், குசினே. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தியால் அப்படி விட்டுவிட முடியாது. கேக்கை வாயில் வைக்க முதலே கேட்டேன்.

"அம்மா பக்கமோ, அப்பா பக்கமோ?"

அவ சிரித்தா. முன்பல் ஒன்றில் வெள்ளி மின்னியது. "எங்கட பக்கம்" என்றா.

மச்சாள், பனித்தரையில் சறுக்கிச் சுழன்று ஆடுகிறவளாம். ஏதோ பெரிய போட்டியில் இரண்டாம் இடம். குடும்பப் பேர் குஸ்னெட்சோவா. அவவுடைய குடும்பப் பேரும் குஸ்னெட்சோவா. நான் வீட்டுக்குப் போய் என் மனுசனிடம், எங்களோடு வேலை செய்கிற ஒருத்தியின் மச்சாள் உலகப் பிரசித்தமான ஆள் என்று பெருமையடித்தேன்.

அடுத்த மாதம் இன்னொரு கேக். இந்தமுறை நீச்சல்காரன் ஒருவன், தம்பி முறை. பிறகு சைக்கிள் ஓட்டுகிற பெட்டை ஒருத்தி. பிறகு இரும்புக் குண்டைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றி எறிகிற ஒருவன். கரப்பந்து, குத்துச்சண்டை, படகு. ஒரு குடும்பத்தில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு திறமை எப்படி வந்தது என்று நான் அதிசயப்பட, என் மனுசன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"எட விசரி, அது ரஷ்யாவில எங்கட கந்தையா மாதிரிப் பேர். தெருவுக்குத் தெரு இருக்கும்."

அவர் சொன்னது சரி. அந்தப் பேருக்குக் கொல்லன் வீட்டார் என்று பொருளாம். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கொல்லன் இருந்தான், அதனால் நாடு முழுக்க அந்தப் பேர் பரந்து கிடக்கிறது. இல்லத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் கேக் வரும்போது எல்லோரும் சாப்பிட்டார்கள், எல்லோரும் "வாழ்த்துகள்" என்றார்கள். டேனிஷ் ஆட்கள் நல்லதொரு கேக்கை வீணாக்கமாட்டார்கள்.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து இரண்டு பேரும் குடென் ஆற்றங்கரையால் நடந்து வரும்போது நேரே கேட்டுவிட்டேன்.

"உண்மையைச் சொல்லும். அவையளில ஆரையாவது உமக்குத் தெரியுமோ?"

"ஒருத்தரையும் தெரியாது."

"பிறகேன் சொந்தமெண்டு சொல்லுறீர்?"

அவ ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றா. கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவில்லை. ஏதோ கடையில் வாங்கிய பொருளைப்பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னா. யூரல் மலைப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில், ஆட்கள் காத்திருக்கிற அறையில், ஒரு கம்பளியில் சுற்றி அவவை யாரோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்து வளர்த்தது குழந்தைகள் இல்லம். அந்த இல்லத்து அதிபர்தான் குஸ்னெட்சோவா என்று எழுதினாராம். வளர்ந்தபிறகு, ஏன் இந்தப் பேரை வைத்தீர்கள் என்று அவ கேட்டிருக்கிறா. "இந்தப் பேரோட எந்த ஊருக்குப் போனாலும் உன்ர ஆக்கள் நாலு பேர் இருப்பினம்" என்றாராம் அதிபர்.

அவவுக்கு ஆறேழு வயதிருக்கும்போது இல்லத்துத் தொலைக்காட்சியில் பாரம் தூக்கும் போட்டி. ஒரு மலை மாதிரி மனுசன், முகம் சிவந்து, தலைக்குமேல் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நடுங்கி நிற்கிறான். கீழே எழுத்தில் குஸ்னெட்சோவ் என்று வந்தது. சமையல்காரி கரண்டியைக் காட்டி, "அங்க பார், உன்ர மாமா" என்றாளாம்.

"சமையல்காரி பகிடிக்குச் சொன்னவள்" என்றேன்.

"ஓம், பகிடிக்குத்தான். எனக்கு அப்பவே தெரியும்." திரும்பவும் நடக்கத் தொடங்கினா. "ஆனா அண்டைக்கு அவர் பாரத்தைக் கீழ போட்டிட்டு எங்களைப் பாத்துக் கையசைச்சவர். அந்த அறையில நாங்கள் நாப்பது பிள்ளையள். ஒருத்தருக்கும் மாமா இல்லை. எனக்கு மட்டும் இருந்தார்."

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இந்த நாட்டில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தால், நீங்கள் எந்த இடம், ஆரின்ர பிள்ளை என்று தொடங்கி, சோறு வருவதற்குள் ஏதோவொரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். அப்படிக் கண்டுபிடிக்க ஒரு நூல்கூட இல்லாத ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை. அன்றைக்குப் பிறகு எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று நான் கேட்டதில்லை. கேக் வந்தால், "மச்சாளுக்கு என்ர வாழ்த்தையும் சொல்லும்" என்பேன். "சொல்லுறன்" என்பா.

அவவை டென்மார்க்குக்குக் கூட்டிவந்தது ஒரு டேனிஷ் லொறிச் சாரதி. கலியாணத்தின்போது அவனுடைய பேரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அழகான, சின்னப் பேர். எழுதவும் லேசு. அவ மறுத்துவிட்டா. "அவன் ஒருத்தன். அவனுக்காக அவ்வளவு பேரையும் விடுறதோ?" என்று என்னிடம் கேட்டா. கலியாணம் நிலைக்கவில்லை, பேர் நிலைத்தது.

இந்தப் பேர்ப் பைத்தியம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. இங்கே வந்தபோது என் மனுசனின் அப்பாவின் பேர் செல்லத்துரை என்பது எங்களுக்குக் குடும்பப் பேராக ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கும் அதுதான். பிரெடெரிசியா நகரில் இன்னொரு செல்லத்துரை குடும்பம் இருந்தது. ஒருமுறை ஏதோ பொதி வீடு மாறிப் போனதால் எங்களுக்குத் தெரியவந்தது. அவர்கள் மன்னார், கத்தோலிக்கர். நாங்கள் கோண்டாவில். ஒரு தொடர்பும் இல்லை. இதை நான் வேலையிடத்தில் சிரித்துக்கொண்டு சொல்ல, அவ மடித்துக்கொண்டிருந்த துவாயைக் கீழே வைத்தா.

"ஒரே பேர். ஒரே நாடு. ஒண்டரை மணித்தியால ஓட்டம். இன்னும் போய்ப் பாக்கேல்லையோ?"

"அவையள் எங்களுக்கு ஒருத்தருமில்லை."

"வதனிச்கா" என்றா. என் பேர் வதனி. செல்லமாகக் கூப்பிட்டால் ரஷ்யாக்காரருக்கு வால் ஒன்று வைக்கவேணும். "வதனிச்கா, எனக்கு இப்பிடி ஒரு வீடு இருந்திருந்தால் நான் நடந்தே போயிருப்பன்."

அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும், போனீரோ, போனீரோ என்று கேட்டு உயிரை எடுத்தா. கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடையும் சுட்டுக்கொண்டு போனோம். கதவைத் திறந்த மனுசன், "செல்லத்துரையோ? நானும் செல்லத்துரைதான், வாங்கோ வாங்கோ" என்று உரக்கச் சிரித்தார். இப்போது அவர்கள் வீட்டு நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் போகிறோம், எங்கள் பொங்கலுக்கு அவர்கள் வருகிறார்கள். என் மகன், தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவன், அவர்களுடைய மகளை 'குசினே' என்றுதான் சிநேகிதர்களுக்கு அறிமுகப்படுத்துகிறான். எந்தப் பக்கம் என்று அவனை யாரும் கேட்பதில்லை.

வென்றால் மட்டும் சொந்தம் என்று அவ நினைக்கவில்லை. அதை நான் ஒரு பனி ஹாக்கிப் போட்டியின்போது கண்டேன். டென்மார்க்கோடு நடந்த ஆட்டத்தில் ஒரு குஸ்னெட்சோவ், தடியால் எங்கள் பக்கத்து ஆளின் வாயில் அடித்துவிட்டான். வேணுமென்று அடித்தானா, தவறிப் பட்டதா, தெரியாது. இரத்தம் பனியில் சிந்தியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். அடுத்தநாள் காலை இல்லத்தில் அதுதான் கதை. நடுவில் அவ பெரிய ஆப்பிள் கேக்கோடு உள்ளே வந்தா. கொடி ஒன்றும் இல்லை.

"இண்டைக்கு எதுக்குக் கேக்?" என்று யாரோ வெடுக்கென்று கேட்டார்கள்.

"எங்கட ஆள் செய்த வேலைக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவ பகிடி விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு அறையாகக் கேக்கைக் கொண்டுபோனா. ஹோல்கர் என்று ஒரு கிழவர் இருந்தார். முந்தி உடற்பயிற்சி ஆசிரியர், நீண்டு மெலிந்த ஆள். இடுப்பு முறிந்து வந்தவரை, "எங்கட குடும்பத்தில விழாத ஆள் ஒருத்தரும் இல்லை, எழும்பாத ஆளும் இல்லை" என்று சொல்லிச் சொல்லி நடக்கவைத்தது அவதான். மறதி தொடங்கியிருந்த அவருக்கு அவவின் சொந்தக்காரர் மட்டும் மறக்காது. ஒவ்வொரு காலையும், "குடும்பம் எப்படி?" என்று கேட்பார். அன்றைக்குக் கேக்கைத் தள்ளிவிட்டார்.

"அவன்ர கேக் எனக்கு வேண்டாம்."

"இது அவன்ர இல்லை, என்ர" என்றா அவ. "அவனுக்கு நான் குடுக்கிற ஏச்சைக் கேட்டால் நீங்கள் அவனுக்காகப் பரிதாபப்படுவியள்."

"நல்லா ஏசும்" என்றுவிட்டு ஹோல்கர் கேக்கை எடுத்தார்.

பிறகு அந்த மாசி மாதம் வந்தது. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் போனது. கோப்பி அறையில் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடியது. உடைந்த மாடிவீடுகள், சுரங்கப்பாதையில் படுத்திருக்கிற பிள்ளைகள். அவ கதவடியில் நின்று பார்ப்பா, உள்ளே வரமாட்டா. ஒரு கிழவியின் மகன் வந்து, என் அம்மாவை ஒரு ரஷ்யாக்காரி குளிப்பாட்டுவது எனக்கு விருப்பமில்லை என்று பொறுப்பாளரிடம் சொன்னான். பொறுப்பாளர் நல்ல பெண், அவனோடு வாதாடினாள். ஆனால் வாதாடியது எல்லோருக்கும் கேட்டது, அவவுக்கும்.

அந்த நாட்களில் கடையிலோ வைத்தியரிடமோ பேரைக் கேட்டால் அவ முதற்பேரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவா. முழுப்பேர் என்று கேட்டால் குரல் இறங்கும். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். வவுனியாவில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலத்தில் எனக்கும் அதே குரல்தான் இருந்தது. ஆனால் நான் பயந்தது என் பேரால் எனக்கு ஏதும் நடந்துவிடுமென்று. அவவுக்கு இருந்தது வேறு. அவ வெட்கப்பட்டா.

துணிகள் அடுக்குகிற அறையில் அவ தனியே நின்றபோது உள்ளே போனேன். மடித்த துவாய்களைத் திரும்ப விரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தா.

"நீர் ஒண்டும் செய்யேல்லையே" என்றேன்.

"ஹாக்கிக்காரன் அடிச்சதுக்கும் நான் ஒண்டும் செய்யேல்லை." துவாயை அடுக்கில் வைத்தா. "இதுக்கு என்ன கேக் செய்யிறது, வதனிச்கா?"

அதன்பிறகு கேக் வரவில்லை. போட்டிகளில் அந்த நாட்டுக் கொடி இல்லாமல் போனது, பல இடங்களில் ஆட்களும் இல்லாமல் போனார்கள். யாராவது விளையாடினாலும் அவ பார்க்கவில்லை. ஹோல்கருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சண்டை நடப்பதை நாங்கள் சொன்னால் அப்போது கண்கலங்குவார், அடுத்த காலை மறந்துவிடுவார். வழக்கம்போல, "குடும்பம் எப்படி?" என்று கேட்பார். அவ அவருடைய திரைச்சீலையை இழுத்துத் திறந்து, "இண்டைக்கு நல்ல வெயில்" என்பா.

அந்த வருடக் கடைசியில் சலவை அறைக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். ஒக்சானா. கார்கிவில் இருந்து தப்பி வந்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். கூட ஒரு மகள். மனுசன் அங்கே சண்டையில் நிற்கிறான். சுவரில் ஒட்டிய வேலை நேர அட்டவணையில் அவள் பேரைப் பார்த்துவிட்டு, ஒரு டேனிஷ் பெட்டை, நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்தவள், சந்தோசமாகக் கத்திவிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ! இரண்டு குஸ்னெட்சோவா! நீங்கள் சொந்தக்காரரோ?"

உக்ரைனிலும் அந்தப் பேர் இருக்கிறது. எல்லை கீறுவதற்கு முதலே கொல்லர் இருந்திருப்பார்கள்தானே. ஒக்சானாவின் முகம் கல்லாகிப்போனது. பெட்டைக்குத் தான் என்ன பிழையாகக் கேட்டோம் என்று விளங்கவில்லை. நான் அவவைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு ஓம் என்று சொல்லிவந்தவ, குனிந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டினா. அது கட்டித்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் அந்த இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்தார்கள். இரண்டு பேருக்கும் ரஷ்ய மொழி தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் கதைக்கவேண்டி வந்தால் ஒக்சானா தனக்குத் தெரிந்த நாலு டேனிஷ் சொல்லில்தான் கதைப்பாள். "துவாய். பத்து. நன்றி." அவவும் டேனிஷிலேயே, "நன்றி" என்பா. அவ்வளவுதான்.

ஒக்சானாவின் மகள் டாரினா ஜூடோக்காரி. பதினாறு வயது. கார்கிவில் சின்ன வயதிலேயே தேசிய இளையோர் அணிக்குத் தெரிவானவளாம். இங்கே ஒரு கழகத்தில் சேர்ந்து, வந்த போட்டியிலெல்லாம் வென்றுகொண்டிருந்தாள். உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வந்தது. வெள்ளை உடுப்பு, இறுக்கிப் பின்னிய தலைமயிர், கீழே பேர். யாரோ அதை வெட்டிக் கோப்பி அறையில் ஒட்டினார்கள். நான் உள்ளே போனபோது அவ அந்தப் படத்துக்கு முன்னால் நின்றா. என்னைக் கண்டதும் கோப்பி ஊற்றுவதுபோல் திரும்பினா.

"நல்லாச் செய்யிறாள் என்ன?" என்றேன்.

"பிடி நல்லம்" என்றா. "இடது தோளைக் கொஞ்சம் கவனிக்கவேணும்." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை ஹொல்ஸ்டெப்ரோவில் பெரிய போட்டி. நல்லாகச் செய்தால் மேலே உள்ள அணிக்கு எடுப்பார்கள். பயிற்றுநர் சின்னப் பிள்ளைகளோடு முதல் நாளே போய்விட்டார். டாரினா காலை ரயிலில் போவதாக ஏற்பாடு. அன்று விடியப் பார்த்தால் புயல் காற்று, ரயில் இல்லை. நானும் அவவும் இரவு வேலை முடித்து வெளிக்கிடுகிறோம், நடைபாதையில் ஒக்சானா வேலை உடுப்போடு, கையில் தொலைபேசியோடு நிற்கிறாள். பக்கத்தில் டாரினா, தோளில் பை, அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒக்சானாவுக்குக் காரும் இல்லை, அவளுடைய வேலையைப் பார்க்க வேறு ஆளும் இல்லை.

அவ கொஞ்சம் தள்ளியே நின்றா. டேனிஷில் சொன்னா. "என்னட்டைக் கார் இருக்கு."

ஒக்சானா அவவைப் பார்த்தாள். சலவை இயந்திரம் சுழன்று நின்ற சத்தம் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் போவியளோ?"

எனக்கு அதன் கருத்து விளங்கியது. அவவுக்கும் விளங்கியது. "வதனி வந்தால் நல்லம், எனக்கு நித்திரை வராமல் கதைச்சுக்கொண்டு வருவா" என்றா. ஒக்சானாவுக்கு நோகாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னா.

காரில் டாரினா பின்சீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். காற்று காரைத் தள்ளியது. அவ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டினா. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. மண்டபத்து வாசலில் பயிற்றுநர் ஓடிவந்தார், நன்றி, நன்றி என்று கையைப் பிடித்தார்.

"நீங்கள் டாரினாவின்ர ஆக்களோ?"

"இல்லை" என்றா அவ. "கார் ஓடினது மட்டும்."

நான் அவவைத் திரும்பிப் பார்த்தேன். சொந்தம் இல்லை என்று அவ வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதற்தடவை. டாரினாவுக்கும் கேட்டிருக்கவேணும், பையை எடுத்துக்கொண்டு போனவள் ஒருகணம் நின்று, பிறகு போனாள்.

நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். டாரினா முதல் ஆட்டத்தை வென்றாள், இரண்டாவதையும். சுற்றியிருந்தவர்கள் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். குஸ்னெட்சோவா, குஸ்னெட்சோவா என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. அவ கையிரண்டையும் தொடைகளுக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தா, கைதட்டிவிடக்கூடாது என்பதுபோல.

"தட்டுமன், ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது."

மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி டாரினாவைத் தூக்கி எறிந்தபோது இடது தோள் முதலில் தரையில் பட்டது. சத்தம் எங்களுக்கே கேட்டது. டாரினா எழும்பவில்லை. நான் திரும்பிப் பார்க்க, பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அவ்வளவு பாரமான உடம்போடு அவ படிகளில் எப்படி இறங்கினா என்று எனக்குத் தெரியாது.

பிள்ளை அழுதுகொண்டு ரஷ்ய மொழியில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பயிற்றுநருக்கும் விளங்கவில்லை, முதலுதவிக்காரருக்கும் விளங்கவில்லை. அவ கொஞ்சம் எட்ட முழங்காலில் இருந்துகொண்டு, மெதுவாக ரஷ்ய மொழியில் ஒரு வார்த்தை சொன்னா. டாரினா அழுகையை நிறுத்தி அவவைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் அவவிடமே கொட்டினாள். எங்கே நோகிறது, கை எப்படி விறைக்கிறது. அவ ஒவ்வொன்றாக டேனிஷில் மாற்றிச் சொன்னா.

பயிற்றுநரால் சின்னப் பிள்ளைகளை விட்டுவர முடியாது. ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். தாதி டாரினாவின் மஞ்சள் நிற மருத்துவ அட்டையை வாங்கிப் பேரைப் பதிந்தாள். "கூட வந்த பெரியாள் ஆர்? முழுப்பேர்?" என்று கேட்டாள். அவ தயங்கி, தாழ்ந்த குரலில் சொன்னா.

"ஆ, ஒரே குடும்பம். நல்லது, நீங்கள் உள்ளே வரலாம்" என்று தாதி கதவைத் திறந்தாள்.

"இல்லை, நான்..." என்று அவ தொடங்க, டாரினா ரஷ்ய மொழியில் ஏதோ சுருக்கமாகச் சொன்னாள். அவ வாயை மூடிக்கொண்டா. கதவு இரண்டு பேருக்கும் பின்னால் சாத்திக்கொண்டது.

நான் வெளியே இருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு அவ மட்டும் வந்தா, கையில் டாரினாவின் தொலைபேசி. தோளடிக் காறையெலும்பு முறிந்துவிட்டது, ஆனால் பொருந்திவிடுமாம், வெட்டத் தேவையில்லையாம்.

"அப்ப என்ன சொன்னவள் உம்மை?"

"வாயைப் பொத்து எண்டவள்." சிரிக்கப் பார்த்தா. "இனி இவளின்ர தாய்க்குச் சொல்லவேணும்."

ஒக்சானா உடனே எடுத்தாள். மகளின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள், பதிலுக்கு அவவின் குரலைக் கேட்டதும் அந்தப்பக்கம் அமைதியாகிவிட்டது. அவ டேனிஷில்தான் தொடங்கினா. விழுந்திட்டாள், ஆனால் பயமில்லை. அதற்குமேல் ஒக்சானாவின் டேனிஷ் போதவில்லை. காறையெலும்பு என்றதை இரண்டுதரம் சொல்லியும் விளங்கவில்லை. அந்தப்பக்கத்தில் ஒக்சானா அழத் தொடங்கினாள். அழுகையோடு சேர்ந்து, ஒன்றரை வருடம் அடக்கி வைத்திருந்த ரஷ்ய மொழி கடகடவென்று வந்தது. அவவும் ரஷ்ய மொழியில் பதில் சொன்னா. சுவரைப் பார்த்துக்கொண்டு, தன்னுடைய காறையெலும்பைத் தடவிக் காட்டிக் காட்டி, தொலைபேசியில் தெரியுமென்பதுபோல.

பிறகு ஒக்சானா இன்னும் ஏதோ ஒன்றைக் கேட்டாள். சின்னக் கேள்வி. அவ ஒற்றைச் சொல் சொல்லிவிட்டுத் தொலைபேசியை இறக்கினா.

"என்ன, ஏசினவளோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பின்னை?"

"இரவு வேலையோட அப்பிடியே போனனியெல்லோ, சாப்பிட்டியோ எண்டு கேட்டவள்."

டேனிஷில் அரச குடும்பத்தைத் தவிர எல்லோரும் எல்லோருக்கும் நீதான், அதில் ஒன்றும் பிடிபடாது. ரஷ்ய மொழியில் எங்களைப்போல நீயும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறது என்று அவ முந்தி எனக்குச் சொல்லியிருந்தா.

"உண்மையா நீ எண்டோ கேட்டவள்? நீங்கள் எண்டு கேக்கேல்லையோ?"

அவ யோசித்தா. அந்தக் கேள்வியைத் தனக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்ப்பது வாயசைவில் தெரிந்தது.

"நீ எண்டுதான்" என்றா. பக்கத்துக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டா. அந்த அகன்ற தோள்கள் குலுங்கின.

நான் என்ன பதில் சொன்னீர் என்று கேட்கவில்லை. அவ காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். கைப்பையை எடுத்துக்கொண்டு, இந்த ஆஸ்பத்திரியில் சாப்பாடு எங்கே விற்கிறார்கள் என்று தேடிப் போனேன்.